கிரேக்கத் தீவில் சாப்பாடும் இசையும் சேர்ந்த கோடைத் திருவிழா: எங்கே போவது, எப்படிப் போவது?

கேள்வி இதுதான்: "ஆகஸ்ட் மாதம் இரண்டு வாரம் கிரேக்கம் போகிறோம். சாண்டோரினி, மிக்கோனோஸ் வேண்டாம். ஏதாவது ஒரு தீவில் உள்ளூர்ச் சாப்பாடும் இசையும் சேர்ந்த விழா ஒன்றைப் பார்க்க வேண்டும். எந்தத் தீவு, எந்தத் தேதி, டிக்கெட் எங்கே வாங்குவது?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும். டிக்கெட் கிடையாது. நீங்கள் தேடும் விழாவுக்குக் கிரேக்கத்தில் பனியிரி என்று பெயர். ஒவ்வோர் ஊருக்கும், மலையுச்சியில் தனியாக நிற்கும் சின்னத் தேவாலயத்துக்கும்கூட, ஒரு புனிதர் உண்டு. அந்தப் புனிதரின் நாளன்றோ அதற்கு முந்தின இரவோ வழிபாடு முடிந்ததும், ஊர்ச் சதுக்கத்தில் நீளமான மேசைகள் போட்டு, ஆட்டுக்கறி வேகவைத்து, ஒயின் எடுத்துவைத்து, வயலின்காரரை உட்காரவைத்து விடிய விடிய ஆடுவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் மட்டும்தான் காசு. அந்தக் காசு ஊர்ப் பொதுப்பணத்தில் சேர்கிறது.

எந்தத் தீவு என்றால், என் பதில் இக்காரியா. தேதி, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாள்கள். நான் ஏதென்ஸில் வேலை பார்த்த காலத்தில் கோடை விடுமுறைகளை ஏஜியன் தீவுகளில்தான் கழித்தேன். வேறு தீவுகளிலும் அருமையான விழாக்கள் உண்டு, சிலவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் சாப்பாடு, இசை, ஊர்க் காரியம் மூன்றும் இன்றும் பிரியாமல் ஒன்றாக இருக்கும் இடம் இக்காரியா என்பது என் உறுதியான கருத்து.

இக்காரியா கிழக்கு ஏஜியன் கடலில், மிக்கோனோஸுக்கும் சாமோஸுக்கும் நடுவில் இருக்கிறது. பரப்பு சுமார் 255 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை எட்டாயிரத்துச் சொச்சம். மெழுகு இறக்கையோடு சூரியனை நெருங்கிப் பறந்து கடலில் விழுந்த இக்காரஸ் விழுந்தது இந்தப் பக்கத்தில்தான் என்று புராணம் சொல்கிறது. தீவின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். நடுவில் அத்தெராஸ் என்ற மலைத்தொடர் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து தீவை வடக்கு, தெற்கு என்று பிரிக்கிறது. நல்ல இயற்கைத் துறைமுகம் கிடையாது, கடலோ கொந்தளிப்பானது. அதனால் வெகுகாலம் வெளியுலகம் இந்தத் தீவைக் கண்டுகொள்ளவே இல்லை. கடற்கொள்ளையர் தொல்லை இருந்த நூற்றாண்டுகளில் மக்கள் கரையை விட்டு மலைக்குள் போய், பெரிய பாறைகளுக்கு அடியில், கடலில் இருந்து பார்த்தால் தெரியாதபடி வீடு கட்டிக்கொண்டார்கள். புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று புகைபோக்கிகூட வைக்கவில்லை. அந்த வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன.

1912 ஜூலை 17 அன்று தீவு மக்கள் தாங்களே எழுந்து உஸ்மானிய ஆட்சியாளர்களை வெளியேற்றினார்கள். அப்புறம் சில மாதம் இக்காரியா தனிச் சுதந்திர நாடாகவே இருந்தது. சொந்தக் கொடி, சொந்த அஞ்சல்தலை. தலைவர் இயோவானிஸ் மலாக்கியாஸ் என்ற மருத்துவர். அதே ஆண்டு நவம்பரில்தான் கிரேக்கத்தோடு சேர்ந்தது. சேர்ந்த பிறகும் அரசாங்கம் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1940-களின் பின்பாதியில், ஆயிரக்கணக்கான இடதுசாரிகளை இங்கே நாடுகடத்தி வைத்தார்கள். இசையமைப்பாளர் மிகிஸ் தியோடோராகிஸும் 1947-ல் அப்படி அனுப்பப்பட்டவர்தான். சிறைக்கட்டடம் ஏதும் இல்லாததால் அவர்கள் ஊர் மக்களின் வீடுகளிலேயே தங்கினார்கள், இருந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்துக் கைதிகள் விட்டுப்போன அரசியல் தீவில் இன்றும் தெரியும். இடதுசாரிகளுக்கு இங்கே விழும் வாக்கு நாட்டின் மற்றப் பகுதிகளைவிட எப்போதும் கூடுதல்.

திருவிழாவைப் பற்றிக் கேட்டவர்களிடம் வரலாறு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசாங்கம் சாலை போடாத ஊரில் சாலை எப்படி வரும்? பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் யார் சரிசெய்வது? இக்காரியாவில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சங்கம் உண்டு. பனியிரியை நடத்துவது அந்தச் சங்கம். சமைப்பவர், கறி வெட்டுபவர், பரிமாறும் இளைஞர்கள், மறுநாள் குப்பை பெருக்குபவர் என்று எல்லாரும் ஊர்க்காரர்கள், கூலி வாங்காதவர்கள். விற்ற கறியிலும் ஒயினிலும் மிஞ்சிய பணம் தண்ணீர்க் குழாய்க்கோ, பாதைக்கோ, தேவாலயப் பழுதுக்கோ, கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கோ போகும். உங்கள் முன்னால் வைக்கப்படும் ஒரு தட்டு ஆட்டுக்கறி அந்த ஊர் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் வரவுசெலவின் ஒரு பகுதி. அதனால்தான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து சும்மா வீடியோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உட்காருங்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். ஊருக்கு நீங்கள் செய்யக்கூடிய நேரடியான உதவி அதுதான்.

சரி, சாப்பாடு. முக்கியமான பண்டம் ஒன்றே ஒன்று, ஆடு. ஆடு என்றால் வெள்ளாடு. இக்காரியாவின் மலைகளில் ராஸ்கா என்று அழைக்கப்படும் ஆடுகள் பட்டி இல்லாமல், பாதிக் காட்டு விலங்காகத் திரிகின்றன. சொந்தக்காரர் வேண்டும்போது போய்ப் பிடித்துவர வேண்டும், அதுவே ஒரு நாள் வேலை. காட்டுச் செடிகளையும் மூலிகைகளையும் மேய்ந்து வளர்ந்த கறி என்பதால் மணம் தனி. கொஞ்சம் கடினமாகவும் இருக்கும். அதற்குத்தான் நீண்ட நேர வேகவைப்பு. பெரிய கொப்பரைகளில், விறகு அடுப்பில், தண்ணீரும் உப்பும் தவிர அதிகம் எதுவும் சேர்க்காமல் வேகவைப்பார்கள். மசாலாவுக்குப் பழகிய நம் நாக்குக்கு முதல் வாயில் ஏதோ குறைவதுபோல் இருக்கும். எலுமிச்சை பிழிந்து, ரொட்டியை அந்தச் சாற்றில் தொட்டு, இரண்டாவது மூன்றாவது வாய் சாப்பிடும்போது ஆட்டின் சுவை என்பது என்ன என்று தெரியவரும். வேகவைத்தது ஒரு வகை, சுட்டது இன்னொரு வகை. கூடவே தக்காளியும் வெள்ளரியும் போட்ட சாலட், ஃபெட்டா பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டி. பட்டியல் அவ்வளவுதான். ஆயிரம் பேருக்கு ஊர்க்காரர்களே சமைத்துப் போடும்போது பட்டியல் சுருக்கமாக இருப்பதே நியாயம்.

கறியைத் தட்டுக் கணக்கில் இல்லாமல் எடைக் கணக்கில் கேட்பது இங்கே வழக்கம். நான்கு பேர் வந்தால் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று வாங்கி நடுவில் வைத்துக் கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். தனித்தனித் தட்டு எதிர்பார்க்காதீர்கள். சில ஊர்களில் மேசைக்கு வந்து கேட்பார்கள், சில ஊர்களில் நீங்களே ஜன்னலருகே வரிசையில் நின்று காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, கறி, ஒயின், சாலட் என்று தனித்தனியாகப் போய் எடுத்துவர வேண்டும். ரொக்கம் கையில் இருக்கட்டும். கூட்டம் சேர்ந்த பிறகு வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அதனால் இசை சூடு பிடிப்பதற்கு முன்பே சாப்பாட்டை வாங்கிவிடுவது நல்லது. மேசையில் இடம் இல்லையென்றால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கொடுத்தவர்கள் உங்கள் கோப்பையையும் நிரப்புவார்கள். அடுத்த பாட்டிலை நீங்கள் வாங்கி வைப்பது மரியாதை.

ஒயினைப் பற்றி ஒரு எச்சரிக்கை: இக்காரியா ஒயின் பலமானது. ஃபொக்கியானோ என்ற கருப்புத் திராட்சையும் பெக்லேரி என்ற வெள்ளைத் திராட்சையும் இந்தத் தீவின் பழைய வகைகள். மண்ணில் புதைத்த சுட்டமண் சாடிகளில் ஒயினைப் பக்குவப்படுத்தும் பழக்கமும் இங்கே இருந்தது. சிலர் இன்னும் செய்கிறார்கள். ஹோமரின் காவியங்களில் பிராம்னிய ஒயின் என்று ஒன்று வருகிறது. முதிய நெஸ்டருக்குக் கொடுப்பதற்காக அதில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு, வாற்கோதுமை மாவைத் தூவிக் கலக்கும் காட்சி இலியத்தில் இருக்கிறது. பிராம்னோஸ் என்ற மலை இக்காரியாவில் இருந்ததாகப் பழங்காலத்தவர் எழுதியிருப்பதால், அந்த ஒயின் தங்களுடையது என்று தீவுக்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். பெயருக்கு வேறு இடங்களும் போட்டி போட்டிருக்கின்றன. ஆட்டுப் பாலாடைக்கட்டியும் ஒயினும் ஒரே மேசையில் இன்றும் இருப்பதால், எனக்கு இக்காரியா பக்கம் சாயத்தான் தோன்றுகிறது.

இப்போது இசை. இதற்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன். ஏஜியன் தீவுகளின் அடிப்படை இணை வயலினும் லாவுடோவும். லாவுடோ நீளமான கழுத்துள்ள நரம்புக் கருவி. இரட்டை இரட்டையாக எட்டு நரம்பு. வயலின் பாடும், லாவுடோ அதற்குத் தாளமும் சுருதியும் கொடுத்துத் தாங்கும். அதற்கும் முந்தைய காலத்தில் சம்பூனா இருந்தது. முழு ஆட்டுத்தோலைப் பையாக்கி, அதில் காற்றை நிரப்பி ஊதும் கருவி அது. ஆட்டின் கறி மேசைக்கு, தோல் இசைக்கு என்று அந்தக் காலத்தில் விழாவில் எதுவும் வீணாகவில்லை. சம்பூனா வாசிப்பவர்கள் இப்போது குறைவு, ஆனாலும் இளைஞர்கள் சிலர் மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள். இன்றைய மேடையில் கிதாரும் டிரம்ஸும் ஒலிபெருக்கியும் உண்டு. ஒலிபெருக்கியின் சத்தம் சில இடங்களில் காதைக் கிழிக்கிறது. வயலினின் நுணுக்கமெல்லாம் அதில் காணாமல் போகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நல்ல வயலின் கேட்க வேண்டுமானால் பெரிய ஊர்களை விட்டு மலைமேல் உள்ள சிற்றூர் பனியிரிக்குப் போங்கள்.

தீவின் பெயரைத் தாங்கிய நடனம் இக்காரியோடிகோஸ். பக்கத்தில் இருப்பவரின் தோளில் கை போட்டு, வட்டமாக, வலப்பக்கம் நகர்ந்து ஆடுவது. முதலில் வெறும் நடைதான். பிறகு வயலின் ஒரு சின்னச் சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கும்; ஒவ்வொரு சுற்றிலும் அதை லேசாக மாற்றி, லேசாக வேகம் கூட்டி. கால்களும் அப்படியே வேகமாகும். இருபது முப்பது நிமிடம் நிற்காமல் போகும். சதுக்கத்தில் இடம் போதாமல் வட்டத்துக்குள் வட்டமாகச் சுருண்டு, நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் துள்ளும்போது தரை அதிர்வதைக் காலில் உணரலாம். பத்து வயதுப் பையன், எண்பது வயதுப் பாட்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பேரன் எல்லாரும் அதே வட்டத்தில்தான்.

இடையிடையே மற்ற நடனங்களும் வரும். சிர்டோஸ் தீவுகளின் பொது நடனம். பாலோஸ் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆடுவது. கலமத்தியானோஸ் ஏழு எண்ணிக்கைத் தாளம், முதல் அடி நீளம். கர்நாடக இசை கேட்டவர்கள் மிஸ்ர சாபு என்று உடனே பிடித்துக்கொள்வார்கள், கை தானாகத் தட்டும். செய்பெக்கிகோ ஒன்பது எண்ணிக்கை. ஒருவர் மட்டும் தன் துக்கத்தோடு ஆடுவது. அப்போது நடுவில் போய் நுழையக் கூடாது. சுற்றி மண்டியிட்டுக் கைதட்டலாம், அவ்வளவுதான். விடுதிகளில் நடக்கும் 'கிரேக்க இரவு' நிகழ்ச்சிகளில் காட்டும் சிர்டாகி 1964-ல் ஒரு திரைப்படத்துக்காக உருவாக்கப்பட்டது. பனியிரியில் அதையும் தட்டு உடைப்பதையும் தேடினால் ஏமாற்றம்தான்.

நீங்கள் ஆடலாமா என்று கேட்டால், கட்டாயம் ஆடுங்கள். தெரியாது என்று யாரும் சிரிக்கப் போவதில்லை. வரிசையின் முதல் ஆளாக நிற்காதீர்கள். முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நடுவிலும் நுழையாதீர்கள். அந்த முதல் இடம் ஆட்டத்தை நடத்துபவருக்கு உரியது. வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டு முதல் நடைக் கட்டத்திலேயே காலைப் பழக்குங்கள். வேகம் கூடியதும் நுழைந்தால் பக்கத்தில் இருப்பவரின் காலை மிதிப்பீர்கள். செருப்பு வேண்டாம், கட்டிய காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

தேதிகள். புனிதர் நாள் நிலையானது என்பதால் ஆண்டுதோறும் அதே தேதிதான். ஜூலை 17 சுதந்திர நாள். ஜூலை 20 எலியா தீர்க்கதரிசி நாள். அவருடைய தேவாலயங்கள் கிரேக்கம் முழுக்க மலையுச்சியில்தான் இருக்கும். ஜூலை 26 புனித பரஸ்கெவி, ஜூலை 27 புனித பண்டெலெய்மோன். ஆகஸ்ட் 6 இயேசுவின் உருமாற்ற நாள், அன்று கிறிஸ்டோஸ் ராஹெஸ் என்ற மலையூரில் பெரிய விழா. அந்த ஊரில் கடைகள் நள்ளிரவிலும் திறந்திருப்பது சாதாரண நாள்களிலேயே வழக்கம், விழா இரவில் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றிலும் பெரியது ஆகஸ்ட் 15, மரியாள் துயில்கொண்ட நாள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் விண்ணேற்பு விழாவாகக் கொண்டாடும் அதே நாள். அன்று தீவில் பல ஊர்களில் ஒரே நேரத்தில் பனியிரி நடக்கும்.

ஆகஸ்ட் 15-க்கு நான் சொல்லும் ஊர் லங்காடா. நான் முன்பு சொன்ன கடற்கொள்ளையர் காலத்து ஒளிவிடம் இதுதான். கடலில் இருந்து எந்தக் கோணத்திலும் தெரியாத பள்ளத்தாக்கு. இன்று அங்கே நிரந்தரமாக வாழ்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். மற்ற ஊர்களில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் மேசை நிறையும், நள்ளிரவுக்குப் பிறகுதான் வட்டம் பெரிதாகும். லங்காடாவில் காலை வழிபாடு முடிந்த கையோடு பட்டப்பகலில் தொடங்கிவிடும், மர நிழலில் சாப்பாடு, வெயிலிலேயே ஆட்டம். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் விரதம். கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. ஆறாம் தேதி மட்டும் மீன் உண்டு. எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், விரதம் இருந்த பெரியவர்களுக்கு அந்தப் பதினைந்தாம் தேதிக் கறிதான் இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் வாய். அவர்கள் சாப்பிடும் நிதானத்தைப் பார்த்தாலே தெரியும்.

இக்காரியாவிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர்கள் ஏராளம். 1903-லேயே பிட்ஸ்பர்க் நகரில் தங்களுக்கென்று சங்கம் அமைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களின் மூன்றாம் நான்காம் தலைமுறையும், ஏதென்ஸில் வேலை பார்ப்பவர்களும் ஆகஸ்டில்தான் ஊர் திரும்புகிறார்கள். பெண் பார்ப்பது, நிலத் தகராறு பேசுவது, இறந்தவரை நினைப்பது எல்லாம் அந்த மேசைகளில் நடக்கிறது. வெளியாள்களுக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் மேடைக்கு முன்னால் கேமராவை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, நிற்பது ஒரு குடும்ப விழாவின் நடுவில் என்ற நினைவு இருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனிதர்கள் நீண்ட நாள் வாழும் 'நீல மண்டலங்கள்' என்று டேன் பியூட்னர் பிரபலப்படுத்திய ஐந்து இடங்களில் இக்காரியாவும் ஒன்று. அதைப் படித்துவிட்டு ஆயுள் ரகசியம் தேடி வருபவர்கள் பெருகிவிட்டார்கள். இப்படிப்பட்ட இடங்களின் வயதுப் பதிவுகள் நம்பத்தக்கவைதானா என்று சால் நியூமன் போன்ற ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், விவாதம் முடியவில்லை. எனக்கு அந்த விவாதத்தைவிட முக்கியமாகப் படுவது வேறு. பெயர் பரவியதால் பெரிய பனியிரிகளில் கூட்டம் ஊரின் கொள்ளளவைத் தாண்டிவிட்டது. தன்னார்வலர்கள் திணறுகிறார்கள், முதியவர்கள் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், வயலின்காரரும் அவசரப்படுகிறார். ஆகஸ்ட் 15-ன் பெரிய விழா ஒன்றைப் பார்த்துவிட்டு, மற்ற இரவுகளைச் சின்ன ஊர்களுக்குக் கொடுங்கள் என்று சொல்வது அதனால்தான். சின்ன ஊர் விழாவைக் கண்டுபிடிப்பது எளிது. பேக்கரிக் கதவிலும் மின்கம்பத்திலும் தேதியும் ஊரும் வாசிப்பவர் பெயரும் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். கிரேக்க எழுத்து படிக்கத் தெரியவில்லை என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருடைய ஊர் விழாவாகவே அது இருக்கும்.

இக்காரியா தூரம், கடல் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றால் அடுத்த தேர்வு சிஃப்னோஸ். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் சில மணி நேரம்தான். அங்கே முறையே வேறு. ஒரு குடும்பம் புனிதரின் படத்தை ஓராண்டு தன் வீட்டில் வைத்துக் காக்கும். விழா நாளில் வந்தவர் எல்லாருக்கும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் இலவச விருந்து. தேவாலயத்தை ஒட்டிய சாப்பாட்டு அறையில் பந்தி பந்தியாக உட்காரவைப்பார்கள். ஒரு பந்தி முடிந்து எழுந்ததும் அடுத்த பந்தி, அதனால் சாப்பிட்டதும் இடத்தை விட வேண்டும். விருந்தின் முதல் பண்டம் பெரும்பாலும் ரெவிதாதா, கொண்டைக்கடலைச் சாறு. கொண்டைக்கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், தண்ணீர், உப்பு. ஸ்கெபாஸ்தாரியா என்ற மூடிய மண்சட்டியில் விறகு அடுப்புக்குள் இரவு முழுக்க மெல்லிய சூட்டில் வேகும். வீடுகளில் சனி இரவு அடுப்பில் வைத்து, ஞாயிறு காலை வழிபாடு முடிந்து எடுப்பார்கள். வெண்ணெய்போல் கரையும் அந்தக் கடலைக்கு ஈடாக நான் கிரேக்கத்தில் வேறு சைவ உணவு சாப்பிட்டதில்லை. சிஃப்னோஸ் மண்பாண்டத்துக்குப் பெயர்போன தீவு, சட்டியும் உள்ளூர்ச் சட்டியே. நவீன கிரேக்கச் சமையல் நூலின் தந்தை என்று சொல்லப்படும் நிக்கோலாஸ் செலமெண்டிஸின் ஊரும் இதுதான்; அவர் பெயரில் செப்டம்பரில் உணவு விழா ஒன்று நடத்துகிறார்கள். ஆகஸ்ட் பயணிக்கு அது கிடைக்காது.

மற்றத் தீவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பதோஸ் தீவின் ஒலிம்போஸ் மலையூரில் ஆகஸ்ட் 15 மிகவும் கம்பீரமானது. வில்லால் வாசிக்கும் லிரா, லாவுடோ, சம்பூனா மூன்றும் சேர, ஆண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மந்தினாதா எனும் ஈரடிகளை அங்கேயே கட்டிப் பாடுவார்கள். இறந்துபோனவரை நினைத்துப் பாடும்போது பாடுபவரும் அழுவார். இசைக்காக மட்டும் போவதென்றால் இதை இக்காரியாவுக்கு மேலேயே வைப்பேன். டிலோஸில் ஜூலைக் கடைசியில் புனித பண்டெலெய்மோன் விழா. அங்கே கோப்பை ஏந்தி ஆடும் ஒரு நடனம் உண்டு, ஆடும்போதே கோப்பையில் பணம் போடுவார்கள். லெஸ்போஸில் ஆயியா பரஸ்கெவி என்ற ஊரில் கோடையில் காளை விழா. காளையைப் பலியிட்டு, கறியைக் கோதுமையோடு இரவு முழுக்கக் கிண்டி கெஸ்கெக் செய்து காலையில் பகிர்வார்கள். அதே தீவில் கலோனி வளைகுடாவின் மத்தி மீனுக்கும் ஆகஸ்டில் ஒரு விழா உண்டு. டினோஸ் ஆகஸ்ட் 15-க்குப் புகழ்பெற்றதுதான், ஆனால் அது வேண்டுதல் தலம். துறைமுகத்திலிருந்து தேவாலயம் வரை முழங்காலில் தவழ்ந்து ஏறும் பக்தர்களைப் பார்க்கப் போகலாம். சாப்பாடும் ஆட்டமும் தேடுபவர்களுக்கு உரிய இடம் அது இல்லை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு: பனியிரியில் உங்களுக்கு சாலட், ஃபெட்டா, ரொட்டி, உருளைக்கிழங்கு என்று வயிறு நிறைந்துவிடும். நிறைவாகச் சாப்பிட வேண்டுமானால் மாலையில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இக்காரியாவில் சூஃபிகோ கேளுங்கள், கத்திரிக்காய், சீமைச் சுரைக்காய், குடைமிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் ஆலிவ் எண்ணெயில் குழைய வெந்தது. விரத உணவைக் குறிக்கும் 'நிஸ்திசிமோ' என்ற ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதைச் சொன்னால் கறி, மீன், முட்டை, பால் இல்லாதது வேண்டும் என்று கடைக்காரர் புரிந்துகொள்வார். கணவாய், இறால் மட்டும் அந்த விரதத்தில் அனுமதி உண்டு, அதை வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் முதல் பாதியில் இந்தச் சொல்லுக்கு மரியாதை அதிகம்.

பயண ஏற்பாடு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகஸ்டுக்குத் தேதி கிடைப்பது கடினம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். பிரேயஸிலிருந்து இக்காரியாவுக்குப் பெரிய கப்பலில் ஏறக்குறைய 7 முதல் 9 மணி நேரம், வழியில் எத்தனை தீவுகளில் நிற்கிறது என்பதைப் பொறுத்து. ஏதென்ஸிலிருந்து சிறிய விமானமும் உண்டு. லங்காடா, ராஹெஸ் பக்கம் போக வேண்டுமானால் வடகரையில் உள்ள எவ்திலோஸ் துறைமுகத்தில் இறங்குங்கள், தங்குவதற்கு அர்மெனிஸ்டிஸ் வசதி. ஆகஸ்ட் 15-க்கு முந்தின வாரம் கிரேக்கமே ஊருக்குக் கிளம்பும், எனவே கப்பலும் அறையும் வசந்தத்திலேயே பதிவாகட்டும். பேருந்து குறைவு. மலைச் சாலைகள் குறுகலானவை, வளைவுகளில் தடுப்பும் இருக்காது, இரவில் ஆடுகள் குறுக்கே நிற்கும். ஒயின் குடித்தவர் வண்டி ஓட்டக் கூடாது. குடிக்காத ஒருவரை முன்பே முடிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் விடியும்வரை அங்கேயே இருந்துவிடுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். சிகரெட் பிடிப்பவர்கள் துண்டை அணைத்துக் கையோடு கொண்டுவர வேண்டும். 1993 ஜூலை 30 அன்று இந்தத் தீவில் பற்றிய காட்டுத்தீயில் 13 பேர் இறந்தார்கள். தீ விஷயத்தில் யாராவது அலட்சியம் காட்டினால் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக மெல்டெமி. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து வீசும் காற்று. அது வலுத்தால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள், ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். ஊர் திரும்பும் விமானத்துக்கு மூன்று நாள் முன்பாவது இக்காரியாவை விட்டுக் கிளம்பும்படி திட்டமிடுங்கள். அந்த மூன்று நாளை ஒதுக்க முடியாது என்றால் சிஃப்னோஸுக்குப் போங்கள். அங்கே விழா அன்று முதல் பந்தியில் உட்கார வேண்டுமானால், மாலை வழிபாடு முடிவதற்கு முன்பே தேவாலய முற்றத்தில் இருங்கள்.